கோட்டுருவுக்கு ஓர் உடல்

1978 ஆகஸ்டில், ஜப்பானின் ஹகோனே மலைப்பகுதியில் உள்ள ஆஷி ஏரிக்கரையில், அறிவியல் புனைகதை ரசிகர்களின் தேசிய மாநாடு கூடியது. அதன் மாறுவேட நிகழ்ச்சிக்கு மரி கொதானி என்ற இளம்பெண் வித்தியாசமான உடையில் வந்தார். பின்னாளில் அறிவியல் புனைகதைத் திறனாய்வாளராகப் பெயர் பெற்றவர் இவர். அன்று அவர் உடுத்தியிருந்தது எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய்க் கிரக நாவல் ஒன்றின் அட்டைப்படத்தில் இருந்த உடை. பார்த்தவர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. ‘கடலின் டிரைட்டன்’ என்ற அனிமேயின், அதாவது ஜப்பானிய அசைபடத்தின், நாயகனாகவே அவரைக் கண்டார்கள். ஜப்பானில் அனிமே பாத்திரமாக முதன்முதலில் வேடமிட்டவர் கொதானிதான் என்ற கதை அப்படித்தான் பிறந்தது. அது தவறு என்று அவரே விளக்கிய பிறகும் அந்தக் கதை ஓயவில்லை.

வரலாறு எழுதுவோர் இதை ஒரு திருத்தக் குறிப்பாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ, இப்படிப் பாத்திரமாக வேடமிடும் காஸ்பிளே பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தத் தவறுக்குள்ளேயே இருப்பதாகப் படுகிறது. உடுத்தியவர் மனத்தில் இருந்தது ஒரு நூலின் அட்டை. பார்த்தவர்கள் மனத்தில் இருந்தது ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓடி முடிந்த ஒரு தொலைக்காட்சித் தொடர். 1972இல் யோஷியுகி டொமினோ இயக்கிய அந்தத் தொடரின் நாயகனுக்குப் பச்சைத் தலைமுடி, வெள்ளைக் குட்டை அங்கி, சிவப்புத் தோளாடை. இளம்பெண்கள் ரசிகர் மன்றம் அமைத்துக் கொண்டாடிய தொடக்ககால அனிமேக்களில் அதுவும் ஒன்று. அந்த ஆசையைச் சுமந்துகொண்டு வந்தவர்களின் கண், எதிரே நின்ற உடையைத் தனக்குத் தெரிந்த உருவமாக நிறைவு செய்துகொண்டது. வேடத்தில் ஒரு பங்கைத்தான் உடுத்துபவர் தைக்கிறார். மீதியைத் தைப்பவை அதை அடையாளம் காணும் கண்கள்.

அனிமே மாநாடுகளில் ஏன் இப்படி வேடமிடுகிறார்கள் என்று கேட்டால், வெளியில் நிற்பவர்கள் சட்டென்று சொல்லும் பதில், ‘தப்பித்தல்’. அன்றாட வாழ்க்கை சலித்துவிட்டது, தன்னைப் பிடிக்கவில்லை, ஆகவே இன்னொருவராக மாறி ஒருநாள் வாழ்ந்து பார்க்கிறார்கள் என்பது அந்த விளக்கம். நாளிதழ்களின் ஞாயிறு மலர்களில் இது பலமுறை வந்துவிட்டது. இதற்கு உளவியலையும் துணைக்கு அழைப்பார்கள். 2012இல் ஹாஜோ ஆடமும் ஆடம் கலின்ஸ்கியும் வெளியிட்ட ஓர் ஆய்வு மிகவும் புகழ் பெற்றது: வெள்ளை அங்கியை ‘மருத்துவருடையது’ என்று சொல்லிக் கொடுத்து அணியவைத்தால் கவனம் கூர்மையாகிறது, அதே அங்கியை ‘ஓவியருடையது’ என்றால் அந்த விளைவு இல்லை என்றார்கள். உடை மனத்தை மாற்றும் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவது வழக்கமாயிற்று. ஆனால் அந்த ஆய்வின் முதல் சோதனையை வேறொரு குழு திரும்பச் செய்து 2019இல் வெளியிட்டபோது அதே விளைவு கிடைக்கவில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை. அதன்மேல் காஸ்பிளேயின் முழு விளக்கத்தையும் ஏற்றி வைப்பது சரியல்ல என்பது என் எண்ணம்.

தப்பித்தல் என்பதில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. தப்ப நினைப்பவர் எளிய வழியைத் தேடுவார். இவர்களோ கையிருப்பைச் செலவழித்து, தூக்கத்தைக் கெடுத்து, மாதக்கணக்கில் தைத்து, வெட்டி, ஒட்டி, கடைசியில் மூச்சு முட்டும் உடையில் நாள் முழுவதும் வரிசையில் நிற்கிறார்கள். அதுவும் யாருக்கும் தெரியாத இடத்தில் நிற்பதில்லை. தங்களை மிக நுணுக்கமாகப் பார்க்கக்கூடியவர்கள் கூடும் இடத்துக்குத் தேடிப் போய் நிற்கிறார்கள்.

இந்தப் பழக்கம் ஜப்பானில் தோன்றியதும் அல்ல. 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இருவர் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்தார்கள். எச். ஜி. வெல்ஸின் கதையிலிருந்து 1936இல் எடுக்கப்பட்ட ‘திங்ஸ் டு கம்’ திரைப்படமும், ஃபிராங்க் பால் வரைந்த இதழ் ஓவியங்களும் அந்த உடைகளுக்கு முன்மாதிரி. நெடுங்காலம் அக்கர்மனின் பெயர் மட்டுமே முன்னால் நின்றது. இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் டக்ளஸ். மறு ஆண்டு சிகாகோ மாநாட்டில் முறையான மாறுவேடப் போட்டி வந்தது. ‘ஃபிளாஷ் கார்டன்’ கதையின் கொடுங்கோலன் மிங்காக வந்த டேவிட் கைல் பரிசை வென்றார். அவருடைய உடையைச் செய்து கொடுத்தவர் லெஸ்லி பெர்ரி என்ற பெண். மேடையில் ஆண், ஊசியும் நூலுமாகப் பின்னால் பெண். இந்தக் கலையின் வரலாற்றைத் திருத்தி எழுதும்போது முதலில் நேர் செய்ய வேண்டிய கணக்கு இது.

ஜப்பானில் 1975 டிசம்பர் 21 அன்று, ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட சிற்றிதழ்களை விற்கும் சந்தையாகக் ‘காமிக்கெட்’ தொடங்கியது. அன்று 32 குழுக்கள், சுமார் 700 பார்வையாளர்கள். வெகு விரைவிலேயே அங்கும் சிலர் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களின் உடையில் வரத் தொடங்கினார்கள். நோபுயுகி தகஹாஷி என்பவர் 1983இல் ‘மை அனிமே’ இதழில் இதற்குக் காஸ்பிளே என்று பெயர் சூட்டினார். 2019 டிசம்பர் காமிக்கெட்டுக்கு நான்கு நாள்களில் சுமார் 7,50,000 பேர் வந்தார்கள்.

அமெரிக்கத் தொடக்கத்துக்கும் ஜப்பானிய வளர்ச்சிக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. கைலின் மிங் பெயருள்ள பாத்திரம்தான் என்றாலும், அக்கர்மனும் டக்ளஸும் ‘எதிர்கால மனிதர்’ என்ற பொது உருவத்தையே உடுத்தினார்கள். அனிமே ரசிகர் உடுத்துவது பெயரும் வயதும் பேச்சுமுறையும் கொண்ட குறிப்பிட்ட ஒருவரை. இந்த மாற்றத்துக்கு ரசிகரின் மனநிலையை மட்டும் தோண்டினால் விடை கிடைக்காது. அனிமே எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் வாராந்தரத் தொடராக வரத் தொடங்கியது. வாரந்தோறும் அரைமணி நேர அசைபடம் என்பது அன்றைய பணத்துக்கும் ஆள்பலத்துக்கும் எட்டாத காரியம். தெசுகாவின் நிறுவனம் செலவைக் குறைக்கும் வழிகளைக் கண்டுபிடித்தது. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு எட்டு ஓவியம் போதும். வாய் மட்டும் அசையும், முகம் அசையாது. ஒருமுறை வரைந்த காட்சியைச் சேமித்து வைத்து அடுத்தடுத்த வாரங்களில் மறுபடி பயன்படுத்துவார்கள். அப்படிப் பயன்படுத்த வேண்டுமானால் பாத்திரம் எப்போதும் ஒரே உடையில் இருந்தாக வேண்டும். பலர் கைகளில் வரையப்பட்டாலும் ஒரே ஆளாகத் தெரிய வேண்டும். முகங்கள் எளிமையாக இருப்பதால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலை தலைமுடியின் வடிவத்துக்கும் நிறத்துக்கும் உடைக்கும் வந்து சேர்ந்தது. பாத்திரத்தின் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், கைக்காப்பு, காலணி என எல்லாவற்றையும் வரைந்து காட்டும் மாதிரித் தாள்கள் தயாரானது இந்தத் தேவைக்காகத்தான்.

இந்தச் சிக்கனம் ரசிகருக்குப் பெரிய கொடையாக முடிந்தது. அசைவு குறைந்த இடத்தில் நிற்கும் தோற்றம் மனத்தில் பதிந்தது. 1978இல் தொடங்கிய ‘அனிமேஜ்’ போன்ற இதழ்கள் ஸ்டுடியோவுக்குள் இருந்த மாதிரித் தாள்களை வாசகர் கைக்குக் கொண்டுவந்தன. தையல் தெரிந்த ரசிகைக்கு அது கிட்டத்தட்ட ஒரு வெட்டுப்படிவம்.

ஆய்வாளர் மார்க் ஸ்டைன்பெர்க் 2012இல் வெளியிட்ட நூலில் இதற்கு இன்னொரு முகத்தைக் காட்டுகிறார். ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடருக்குப் பணம் போட்ட மெய்ஜி நிறுவனம் தன் சாக்லேட்டுடன் அந்தச் சிறுவனின் ஸ்டிக்கர்களைக் கொடுத்தது. குழந்தைகள் அவற்றைக் கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டினார்கள். பாத்திரம் கதையை விட்டு வெளியே வந்து பொருள்களின் மேல் வாழத் தொடங்கியது என்பது அவர் வாதம். ஸ்டிக்கருக்கும் ரசிகரின் உடலுக்கும் தூரம் அதிகம். ஆனால் பயணத்தின் திசை ஒன்றுதான். திறனாய்வாளர் ஹிரோகி அசுமா 2001இல் எழுதிய நூலில் இதையே சற்று இருளாகப் பார்க்கிறார். இன்றைய ரசிகர்கள் கதையை விட்டுவிட்டு, பூனைக்காது, நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை மயிர்க்கற்றை, பணிப்பெண் உடை போன்ற உறுப்புகளின் தரவுக் கிடங்கிலிருந்து பிடித்ததை எடுத்து நுகர்கிறார்கள் என்கிறார். பாத்திரம் உறுப்புகளின் சேர்க்கை என்பது சரி. ரசிகர் வெறும் நுகர்வோர் என்பதோடு எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உறுப்புகள் எவ்வளவு தூரம் பாத்திரத்தைச் சுமக்கின்றன என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. ‘டீமன் ஸ்லேயர்’ என்ற மாங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், நாயகன் தான்ஜிரோ பச்சையும் கறுப்புமான கட்டம் போட்ட மேலங்கி அணிவான். அந்தக் கட்டத்தைக் கண்டாலே சிறு பிள்ளையும் பெயரைச் சொல்லிவிடும். 2020இல் அதன் பதிப்பகமான ஷுயெய்ஷா, ஆறு பாத்திரங்களின் துணி வடிவங்களை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. சில கிடைத்தன. தான்ஜிரோவின் கட்டத்தைப் பதிவு செய்ய ஜப்பான் காப்புரிமை அலுவலகம் 2021இல் மறுத்தது; அது பலகாலமாகப் புழக்கத்தில் உள்ள பொது வடிவம். அந்தக் கட்டத்துக்கு ஜப்பானில் இச்சிமட்சு என்று பெயர். 18ஆம் நூற்றாண்டுக் கபுகி நடிகர் சனோகவா இச்சிமட்சு அதை மேடையில் அணிந்தார். அவர்மீது பித்துக்கொண்ட எடோ நகரப் பெண்கள் அதே கட்டத்தில் கிமோனோ உடுத்தினார்கள். விரும்பிய உருவத்தின் துணியைத் தன் உடம்பில் போட்டுக்கொள்ளும் ஆசைக்கு மாநாட்டு அரங்கைவிட வயது அதிகம்.

ஓவியத்திலிருந்து உடைக்கு வரும் வழியில்தான் நான் நிறைய நேரம் நிற்க விரும்புகிறேன். கோட்டோவியம் பொய் சொல்லும். பாவாடை காற்றில் பறந்த வாகிலேயே நிற்கும். தலைமுடி புவியீர்ப்பை மதிக்காது. இடுப்பில் தொங்கும் வாள் எதில் தொங்குகிறது என்று தெரியாது. கவசத்தில் கை மடங்கும் இடம் எது, அங்கியில் திறப்பு எங்கே, அதை மூடுவது ஜிப்பா பித்தானா, துணி கனமா மெல்லியதா, வெயிலில் மின்னுமா மின்னாதா, எதற்கும் ஓவியத்தில் விடை இல்லை. வரைந்தவருக்கு அந்தக் கேள்விகள் எழவே இல்லை. உடுத்தப் போகிறவர் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லியாக வேண்டும். விடை சொல்லக் கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இவள் படைவீராங்கனை, ஓடிக்கொண்டே இருப்பவள். அப்படியானால் பட்டு பொருந்தாது, கெட்டிப் பருத்தி. இவன் தந்தையின் அங்கியை மாற்றித் தைத்துப் போட்டவன். அப்படியானால் விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும், புதுத் துணியை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கு. தேர்ந்த வாசகர் பிரதியில் செய்வதை இவர்கள் கத்தரிக்கோலால் செய்கிறார்கள். அசுமாவோடு நான் முரண்படுவது இங்கேதான். தயாராகக் கிடக்கும் உறுப்பை எடுத்து மாட்டிக்கொள்பவருக்கு இந்தக் கேள்விகள் வருவதில்லை.

பொருள்களும் இதற்கேற்பப் பெருகின. தரைவிரிப்பாகப் பயன்படும் இவிஏ ஃபோம் அட்டையைக் கவசமாக வெட்டி, ஹீட் கன்னால் சூடேற்றி வளைத்து, பசை தடவி ஒட்டி, உலோகம் போல வண்ணம் பூசுகிறார்கள். வொர்ப்லா என்ற, சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தாள் நுண்வேலைக்கு. விக் வாங்கினால் அப்படியே தலையில் வைக்க முடியாது. இரண்டு விக்குகளின் கற்றைகளைப் பிரித்து ஒன்றில் சேர்த்துத் தைத்து, ஸ்பிரே அடித்து, ஓவியத்தின் அந்தச் சாத்தியமற்ற கூர்முனைகளை நிற்கவைக்க வேண்டும். இதில் பெரும்பகுதி பள்ளியில் யாரும் கற்பிக்காதது. டோக்கியோவின் பெண் காஸ்பிளேயர்களிடையே கள ஆய்வு செய்த டைசுகே ஒகாபே, இது ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் பட்டறை என்று விளக்கினார். கையால் செய்ததற்கு மதிப்பு அதிகம். உடலைக் காட்டிக் கவனம் ஈர்ப்பவருக்கு மதிப்புக் குறைவு. விமர்சனம் கடுமையாகவே இருக்கும், ஆனால் அது தொழில்நுணுக்கம் பற்றிய விமர்சனம் என்பது அவருடைய பதிவு. ஷினிச்சி ஃபுகுடாவின் மாங்கா ஒன்றிலும் இதே உறவைப் பார்க்கலாம்: ஹினா பொம்மை செய்யும் குடும்பத்துப் பையனும், வேடமிட ஆசையிருந்தும் தைக்கத் தெரியாத வகுப்புத் தோழியும். 2022இல் அனிமேயாக வந்த அந்தக் கதையில் காதலைவிடத் துணிக்கடைக் காட்சிகளே என்னை அதிகம் இழுத்தன.

வீட்டிலேயே உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாமே, மாநாடு எதற்கு? காமிக்கெட்டின் விதிகளைப் பார்த்தால் ஒரு விடை தெரிகிறது. வேடத்தோடு வரக்கூடாது, வேடத்தோடு வீடு திரும்பக்கூடாது. அரங்கில் ஒதுக்கிய அறையில் உடைமாற்றி, ஒதுக்கிய இடத்தில் நிற்க வேண்டும். படம் எடுக்க விரும்புகிறவர் முதலில் அனுமதி கேட்க வேண்டும். பலர் விரும்பினால் வரிசை நிற்கும். அண்டை அயலாரைச் சங்கடப்படுத்தாமல் இருக்க வந்த விதிகள் இவை. அவற்றின் விளைவோ, வேடத்துக்கும் ஊருக்கும் நடுவே தெளிவான எல்லை. ரயிலில் வருகிறவர் அலுவலக ஊழியர், மாணவி, செவிலியர். எல்லைக்கு உள்ளே அவர் கையில் இருப்பது காஸ்பிளேக்காகத் தானே வைத்துக்கொண்ட பெயர் அச்சிட்ட அட்டை. அதில் பாத்திரத்தின் பெயரும் இல்லை, அடையாள அட்டையின் பெயரும் இல்லை. தன்னை மறைக்க வந்தவருக்கு அட்டை எதற்கு? அவர் அங்கே தேடுவது ஆள்களை.

அரங்கில் பெரும்பாலும் நடிப்பு கிடையாது. நாகோயாவில் 2003 முதல் நடக்கும் உலகக் காஸ்பிளே மாநாட்டின் போட்டியில் நாட்டுக்கு இருவராக மேடையேறிக் குறுநாடகம் நடத்துவார்கள், அது தனி. சாதாரண நாளில் ஒருவர் வந்து படம் கேட்பார், இவர் கதையில் எல்லாருக்கும் நினைவிருக்கும் ஒரு நிலையில் உறைந்து நிற்பார், கேமரா சொடுக்கும், இருவரும் அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். மொத்தக் கதையும் அந்த ஒரு நிலைக்குள் மடங்கி இருப்பதை இருவருமே அறிவார்கள். ‘செய்லர் மூன்’ போன்ற தொடர்களில் ஐந்து பேர், ஐந்து நிறம். நால்வர் வந்துவிட்டு ஐந்தாமவருக்குக் காத்திருக்கும் குழுவில், முன்பின் தெரியாத ஒருவர் அந்த நிறத்தில் எதிர்ப்பட்டால் அவர் அந்த நிமிடமே தோழி. கூச்சத்தால் ஒரு வார்த்தை பேச முடியாதவர்களுக்கு உடையே பேச்சைத் தொடங்கி வைக்கிறது.

ஆய்வாளர் நிக்கோல் லாமெரிக்ஸ் 2011இல் எழுதிய கட்டுரையில், வேடமிடுபவர் பாத்திரத்தை மட்டும் நிகழ்த்திக் காட்டவில்லை, அதன்வழி தன்னையும் உருவாக்கிக்கொள்கிறார் என்றார். பெண்கள் ஆண் பாத்திரங்களாகவும் ஆண்கள் பெண் பாத்திரங்களாகவும் வருவது இங்கே இயல்பு. ஜப்பானில் இதற்கு ஆழமான பின்புலம் உண்டு. பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராசுக்கா நாடகக் குழு 1914இலிருந்து மேடையேறுகிறது. ஆணாக வளர்க்கப்பட்ட ஆஸ்கார் என்ற பெண்ணின் கதையான ‘வெர்சாயின் ரோஜா’ மாங்காவை 1974இல் அது நாடகமாக்கியபோது கூட்டம் அலைமோதியது. கோட்டில் வரைந்த அழகிய இளைஞனின் கூர்மோவாயும் மெலிந்த தோளும் பெரும்பாலான ஆண்களைவிடப் பெண்களுக்கே நெருக்கம். உடலுக்கும் உருவத்துக்கும் உள்ள இந்த இடைவெளியில் பலர் தங்களைப் பற்றி வேறெங்கும் கேட்க முடியாத கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறார்கள்.

ஆனால் அதே இடைவெளியில்தான் காயமும் படுகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான சாக்கா கம்பர்பேட்ச், செய்லர் வீனஸாக வேடமிட்ட படம் இணையத்தில் பரவியபோது இனவெறி வசைகள் குவிந்தன. பொன்னிற முடி கொண்ட பாத்திரத்தை நீ எப்படி உடுத்தலாம் என்றார்கள். 2013இல் அவர் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். 2015 பிப்ரவரியில், மாதத்தின் 28 நாளும் கறுப்பினக் காஸ்பிளேயர்களின் படங்களைப் பகிரும் இயக்கத்தைத் தொடங்கினார். அவரை வசைபாடியவர்களின் வாதம் பாத்திரத்தை அறிந்தவர்களின் வாதம்கூட அல்ல. ஓவியத்தில் இருப்பது தோல் அல்ல, ஒரு வண்ணம். நீல முடிக்கும் பச்சை முடிக்கும் எந்த இனமும் சொந்தம் கொண்டாட முடியாது. தன் உடலை ஒரு கோட்டுருவுக்குக் கொடுக்க முன்வருகிறவரிடம் அந்த உடல் போதாது என்று சொல்வது, இந்தக் கலையின் அடிப்படையையே மறுப்பது. உடையைச் சாக்காக வைத்துத் தொடுவதும் அனுமதியின்றிப் படமெடுப்பதும் மற்றொரு கொடுமை. 2014இல் நியூயார்க் காமிக் கான், ‘காஸ்பிளே என்பது சம்மதம் அல்ல’ என்ற பலகைகளை நுழைவாயிலிலேயே வைத்தது. வைக்க நேர்ந்ததே வேதனை, வைத்தது சரி.

பணமும் நுழைந்துவிட்டது. தைத்து முடித்த உடைகளும் வெட்டி வைத்த விக்குகளும் தபாலில் வருகின்றன. ஜப்பானின் எனாக்கோ போன்றவர்களுக்குக் காஸ்பிளே முழுநேரத் தொழில். 2021 தொடக்கத்தில், ஊதியம் பெறும் காஸ்பிளேயர்கள் பதிப்புரிமையாளருக்கு எந்த வகையில் கடமைப்பட்டவர்கள் என்ற கேள்வியை ஜப்பான் அரசே எடுத்தது. ரசிகர்கள் அஞ்சியபடி சட்டம் எதுவும் பாயவில்லை. ஆயத்த உடை வந்ததால் கலை அழிந்தது என்று புலம்புவோர் உண்டு. ஊசி பிடிக்க நேரமோ கையோ இல்லாதவருக்கும் அரங்கில் இடம் கிடைத்தது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. விக்கைத் திருத்துவதும், நிற்கும் நிலையைப் பழகுவதும், பாத்திரத்தின் முகக்குறிப்பைப் பிடிப்பதும் இன்னும் தாமே செய்ய வேண்டியவைதான்.

புகழ்தான் நோக்கம் என்றால் எல்லாரும் இந்த ஆண்டின் வெற்றித் தொடரையே உடுத்த வேண்டும். பெரும்பாலானோர் அப்படித்தான் வருகிறார்கள். வரிசை அங்கேதான் நீளும். ஆயினும் 1980களில் வந்து மறக்கப்பட்ட ஒரு தொடரின் துணைப்பாத்திரத்தை, மாதிரித் தாள்கூடக் கிடைக்காமல், மங்கிய காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தைத்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் படம் கேட்பதில்லை. கடந்து போகிறவர்களுக்கு அது ஏதோ ஒரு பழைய சீருடை. அவர்கள் எதிர்பார்ப்பது கூட்டத்தை அல்ல. அந்தத் தொடரை அதே வயதில் பார்த்து அதே பாத்திரத்துக்காக வருந்திய இன்னொருவர் அந்த அரங்கில் எங்கோ இருக்கக்கூடும். அவர் கண்ணில் படுவதற்கு வேறு வழி கிடையாது.